இணைய வசதியுள்ள கார் வாங்குகிறீர்களா? சந்தாவும் விளம்பரமும் எந்த வழியாக வருகின்றன, எங்கே நிறுத்துவது

காருக்கு முழு விலையும் கொடுத்து, சாலை வரி கட்டி, சாவியை வாங்கிய பிறகும் காசு கேட்கும் கார்கள் வந்துவிட்டன. இலவசக் காலம் முடிந்த மறுநாள் செயலியைத் திறந்தால் "உங்கள் சந்தா முடிந்துவிட்டது" என்று வரும். நேற்று வரை ஃபோனிலிருந்து பூட்டிய வண்டி இன்று பூட்டாது. அமெரிக்காவில் நிலைமை இன்னும் ஒரு படி மேலே போனது. 2025 பிப்ரவரியில் அங்கே ஜீப் ஓட்டுநர்கள் சிலருக்கு, வண்டி நிற்கும்போதெல்லாம் திரை முழுக்க நீட்டிப்பு வாரண்டி விளம்பரம் எழுந்தது. சிக்னலில் நின்றால் விளம்பரம். மூடிவிட்டுப் போய் அடுத்த சிக்னலில் நின்றால் மறுபடியும் அதே விளம்பரம். வேண்டாம் என்று விலகும் வசதி மென்பொருள் கோளாறால் வேலை செய்யவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது.

இந்தியாவில் இந்த வகைக் கார்கள் நடுத்தர விலைக்கு இறங்கியது 2019-ல். இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரான ஹூண்டாய் வென்யூ அந்த ஆண்டு மே மாதம் வந்தது. எம்ஜி ஹெக்டரும் கியா செல்டோஸும் அடுத்தடுத்து வந்தன. வென்யூவை ஃபோன் செயலியோடு இணைக்கும் ப்ளூலிங்க் சேவை முதல் மூன்று ஆண்டு இலவசம். அதாவது 2022-லிருந்தே நம் ஊரிலும் "புதுப்பிக்கவும்" செய்தி வரத் தொடங்கிவிட்டது. முதல் முறை இப்படி ஒரு கார் வாங்குகிறவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

வண்டியில் இருப்பது எது, சர்வரில் இருப்பது எது

எல்லாக் குழப்பத்துக்கும் சாவி இந்த ஒரு கேள்விதான். ஷோரூமில் காட்டும் ஒவ்வொரு வசதிக்கும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஃபோன் செயலியில் "பூட்டு" என்று தொட்டால், அந்தக் கட்டளை நேராகக் காருக்குப் போவதில்லை. ஃபோனிலிருந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து மொபைல் நெட்வொர்க் வழியாகக் காருக்குள் புதைத்து வைத்த இ-சிம்முக்கு (கழற்ற முடியாத சிம்) வருகிறது. அது டெலிமேட்டிக்ஸ் பெட்டியை, அதாவது காரை இணையத்தோடு இணைக்கும் கருவியை எழுப்பி, பெட்டி கதவுக்குக் கட்டளை கொடுக்கிறது. பத்து இருபது நொடி பிடிப்பதும், தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்கில் வேலை செய்யாமல் போவதும் இதனால்தான். சிம்முக்கு டேட்டா செலவு உண்டு, சர்வருக்கும் செலவு உண்டு. இதற்குச் சந்தா கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

சீட்டுக்குள் இருக்கும் சூடாக்கும் கம்பியின் கதை வேறு. கம்பி, சுவிட்ச், பேட்டரி மூன்றும் வண்டியிலேயே இருக்கின்றன. அதை இயக்க நிறுவனத்துக்கு மாதம் ஒரு பைசா செலவில்லை. பிஎம்டபிள்யூ அதற்குச் சந்தா வைத்தபோது பிரிட்டனில் மாதம் 15 பவுண்டு என்று விலை போட்டது. 2022-ல் இது உலகம் முழுக்கப் பேச்சானது. எதிர்ப்பு அடங்காததால் 2023 செப்டம்பரில், சீட் சூடாக்கிக்குச் சந்தா வாங்குவதைக் கைவிடுவதாக அந்த நிறுவனமே சொன்னது. வாங்குகிறவர்கள் முனகுவதோடு நிற்காமல் திருப்பிக் கேட்டால் நிறுவனங்கள் பின்வாங்கும் என்பதற்கு இது உதாரணம். அதே நிறுவனம், ஐஃபோன் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளேவுக்கு ஆண்டுக்கு 80 டாலர் வாங்கிக்கொண்டிருந்ததையும் 2019 டிசம்பரில் விட்டுவிட்டது.

ஆனால் பழக்கம் போய்விடவில்லை. மெர்சிடீஸ் 2022-ல் தன் ஈக்யூ மின்கார்களுக்கு அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,200 டாலர் கட்டினால் கூடுதல் வேகமெடுப்பு என்று அறிவித்தது. மோட்டார் அதே மோட்டார்தான். ஃபோக்ஸ்வாகன் 2025-ல் பிரிட்டனில் ஐடி.3 காரின் முழுத் திறனுக்கு மாதம் 16.50 பவுண்டு அல்லது ஒரே தடவையாக 649 பவுண்டு கேட்டது. மாதச் சந்தாவில் போனால் 40 மாதத்தில் அந்த 649-ஐத் தாண்டிவிடும். இந்தக் கணக்கை எந்தச் சந்தாவுக்கும் போட்டுப் பார்க்கலாம், கீழே காட்டியிருக்கிறோம்.

இரண்டுக்கும் நடுவே விழுவது சாவி. டொயோட்டாவின் சில கார்களில், பக்கத்தில் நின்று சாவிப் பொத்தானை அழுத்தி எஞ்சினை ஓடவைக்கும் வசதிகூட, இலவசக் காலம் முடிந்ததும் சந்தா இல்லாமல் நின்றுபோகும் என்பது 2021 டிசம்பரில் அமெரிக்காவில் தெரியவந்தது. சாவியிலிருந்து காருக்கு ரேடியோ அலை நேராகவே போகிறது. சர்வருக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே "பொத்தான் இருக்கிறது, அதனால் வசதி நம்முடையது" என்று நினைத்துவிடக் கூடாது.

புக்கிங்குக்கு முன் ஷோரூமில் செய்ய வேண்டியது

டெமோ காரில் உட்கார்ந்ததும் உங்கள் ஃபோனை ஃபிளைட் மோடில் போடுங்கள். காரின் செட்டிங்ஸில் இணைய இணைப்பை அணைக்க வழி இருந்தால் அதையும் அணைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்: ஏசி, சீட் காற்றோட்டம், சன்ரூஃப், ஆம்பியன்ட் விளக்கு, பின்பக்கக் கேமரா, 360 டிகிரி கேமரா, குரல் கட்டளை, மேப். குரல் கட்டளையில் தனியாகக் கவனம் வையுங்கள். "ஏசியைக் குறை" என்பதை வண்டியே புரிந்துகொள்கிறதா, அதற்கும் இணையம் கேட்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். சன்ரூஃபைத் திறக்க வாயால் சொல்வது விளம்பரப் படத்தில் அழகாக இருக்கும். நாலாம் ஆண்டில் அது வேலை செய்யுமா என்பதுதான் உங்கள் கேள்வி.

அடுத்து விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை. வாய்ப்பேச்சு போதாது. கொட்டேஷன் தாளிலோ, டீலரின் மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்குங்கள்.

– இலவசச் சந்தா எத்தனை ஆண்டு? எண்ணத் தொடங்குவது இன்வாய்ஸ் தேதியிலிருந்தா, செயலியை ஆக்டிவேட் செய்த நாளிலிருந்தா?
– அது முடிந்தபின் இன்றைய விலையில் ஆண்டுக்கு எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்த்தா தனியா?
– சந்தா முடிந்தால் நின்றுபோகும் வசதிகளின் முழுப் பட்டியல் என்ன? எஸ்ஓஎஸ் பொத்தான் (அவசர உதவிக்கு அழைப்பது) அதில் உண்டா?
– மேப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு இலவசம்?
– வண்டியை விற்றால் மீதிச் சந்தா புது உரிமையாளருக்குப் போகுமா?

"அதெல்லாம் சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று பதில் வந்தால், அந்த வசதி இல்லை என்றே வைத்துக்கொண்டு வேரியண்டைத் தேர்ந்தெடுங்கள். நடு வேரியண்டுக்கும் டாப் வேரியண்டுக்கும் ஒன்றரை லட்சம் வித்தியாசம் என்றால், அதில் எவ்வளவு இரும்பும் கண்ணாடியும், எவ்வளவு மூன்றாண்டு மென்பொருள் என்று பிரித்துப் பார்ப்பது வாங்குகிறவரின் உரிமை. ஏர்பேக், டயர் அளவு, பின்சக்கர டிஸ்க் பிரேக் போன்றவற்றுக்கு யாரும் பிறகு வந்து காசு கேட்கப்போவதில்லை. முதலில் பணம் அங்கே போகட்டும்.

டெலிவரி நாளில், மாலை போடுவதற்கு முன்

தவறு அதிகம் நடப்பது இந்த அரை மணி நேரத்தில்தான். குடும்பமே வந்திருக்கும், எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில் இருக்கும், ஃபோட்டோ எடுக்கிறவர் அவசரப்படுத்துவார். அந்த நேரத்தில் டெலிவரி ஆள் உங்கள் ஃபோனை வாங்கி, செயலியை இறக்கி, ஓடிபி கேட்டு, வரிசையாக "ஏற்கிறேன்", "ஏற்கிறேன்" என்று தட்டிக்கொண்டே போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை, அடுத்த வண்டி காத்திருக்கிறது. ஆனால் அந்தத் தட்டல்கள் உங்கள் சம்மதமாகப் பதிவாகிவிடுகின்றன.

ஃபோனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக மூன்று வகைச் சம்மதம் கேட்பார்கள். முதலாவது சேவை விதிமுறைகள். இது இல்லாமல் செயலி ஓடாது. இரண்டாவது வண்டியின் இடமும் நிலையும் பற்றிய தகவல். திருட்டுக் கண்காணிப்பும் எஸ்ஓஎஸ்ஸும் வேண்டுமென்றால் இது தேவை. மூன்றாவது "சலுகைகள், விளம்பரச் செய்திகள், கூட்டாளி நிறுவனங்களுடன் பகிர்தல்" என்ற வகை. இது வசதிக்குத் தேவையே இல்லை. சில இடங்களில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்ற பெரிய பொத்தான் மூன்றையும் சேர்த்து விழுங்கிவிடும். பெரிய பொத்தானைத் தொடாமல் ஒவ்வொன்றாகத் திறந்து, மூன்றாவதை எடுத்துவிடுங்கள்.

முதன்மைக் கணக்கு உங்கள் மொபைல் எண்ணிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். டீலர் ஏதாவது பொது மின்னஞ்சலைப் போட்டுவிட்டால், பின்னாளில் கடவுச்சொல் மாற்றவும் முடியாது, வண்டியை விற்கும்போது கணக்கை நீக்கவும் முடியாது. வீட்டில் மற்றவர்களுக்குத் துணைக் கணக்காகக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வேலை. சந்தா முடியும் தேதியைச் செயலியில் பார்த்து, அதற்கு 30 நாள் முன்பு ஃபோன் காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். பிறகு காரின் திரையில் செட்டிங்ஸைத் திறந்து, தனியுரிமை, தகவல் பகிர்வு, அறிவிப்புகள் ஆகிய மூன்று பகுதிகளையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு எது மாறியது என்று ஒப்பிட இந்தப் படங்கள் தேவைப்படும்.

விளம்பரம் வருகிற வாசல்கள்

திரையில் ஒரு விளம்பரம் வந்தால் உடனே கார் நிறுவனத்தைத் திட்டுகிறோம். அனுப்பியவர் வேறாக இருக்கலாம். ஆளைத் தெரியாமல் எந்த சுவிட்சை அணைத்தாலும் நிற்காது.

ஆண்ட்ராய்ட் ஆட்டோ (ஆண்ட்ராய்ட் ஃபோனுக்கான கார்ப்ளே போன்றது) அல்லது கார்ப்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது மேப்பில் ஒரு கடையின் சின்னம் எட்டிப் பார்த்தால், அது உங்கள் ஃபோன் செயலியின் விளம்பரம். வழிகாட்டும் மேப் செயலியான வேஸ், வண்டி நிற்கும் நேரம் பார்த்துத் திரையில் விளம்பரப் பட்டை காட்டும். அதன் வழக்கமே அது. இவற்றை ஃபோனில்தான் சரிசெய்ய வேண்டும். சோதிக்க எளிய வழி: ஃபோனைக் கேபிளிலிருந்து எடுத்துவிட்டு, ப்ளூடூத்தையும் அணைத்துவிட்டு, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். விளம்பரம் நின்றால் காரணம் ஃபோன்.

ஃபோன் இல்லாமலும் வந்தால் அது காரின் சொந்த மென்பொருள். செட்டிங்ஸில் அறிவிப்புகள் பகுதியில் "சலுகைகள்", "செய்திகள்", "பரிந்துரைகள்" போன்ற பெயரில் இருக்கும். சர்வீஸ் நினைவூட்டலையும் சலுகையையும் ஒரே சுவிட்சில் கட்டியிருந்தால் தயங்காமல் அணைத்துவிடுங்கள். சர்வீஸ் தேதி கையேட்டில் இருக்கிறது. ஆனால் ரீகால் அறிவிப்பு (குறையைச் சரிசெய்ய நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைப்பது) தனியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது வாசல் ஃபோன் அழைப்பும் குறுஞ்செய்தியும். வாரண்டி நீட்டிப்பு, இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு, செராமிக் கோட்டிங் என்று வருபவை. டீலரிடம் நீங்கள் எழுதிக் கொடுத்த படிவத்திலிருந்தே எண் போகிறது. 1909-க்கு அழைத்து டிஎன்டி, அதாவது விளம்பர அழைப்பு வேண்டாம் என்ற பதிவைச் செய்யலாம். விளம்பர அழைப்புகளுக்கென்று 140-ல் தொடங்கும் எண் வரிசை இருக்கிறது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு வந்தால் ஏழு நாளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த சம்மதத்தை டீலரிடம் எழுத்தில் திரும்பப் பெற்றாலொழிய டிஎன்டி மட்டும் முழுதாகக் காப்பாற்றாது.

ஓட்டும் விதம் யாருக்குப் போகிறது

விளம்பரமாவது கண்ணுக்குத் தெரிகிறது. இது தெரிவதில்லை என்பதால்தான் அதிகக் கவலைக்குரியது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆன்ஸ்டார் என்ற இணையக் கார் சேவையில் "ஸ்மார்ட் டிரைவர்" என்று ஒன்றை வைத்திருந்தது. நன்றாக ஓட்டினால் மதிப்பெண் என்று தோற்றம். திடீர் பிரேக், அதிவேகம், நள்ளிரவு ஓட்டம் எல்லாம் பதிவாகி, இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டு நிறுவனங்கள் கைக்குப் போனது 2024 மார்ச்சில் வெளிவந்தது. பிரீமியம் ஏன் ஏறியது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு இத்தகைய தகவலை நுகர்வோர் மதிப்பீட்டு நிறுவனங்களுக்குத் தரக்கூடாது என்று உத்தரவை முன்வைத்தது. வண்டியின் இருப்பிடத்தை மூன்று நொடிக்கு ஒரு தடவைகூடச் சேகரித்திருக்கிறார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. வீட்டு வாசல், மருத்துவமனை, கோயில், நண்பர் வீடு எல்லாமே அந்த மூன்று நொடிக் கோட்டில் விழுந்துவிடும்.

இது ஒரு நிறுவனத்தின் பழக்கம் மட்டுமல்ல. ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குப் பின்னால் உள்ள மொசில்லா அறக்கட்டளை 2023-ல் 25 கார் பிராண்டுகளை ஆராய்ந்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. 84 சதவீத பிராண்டுகள் தகவலைப் பகிரவோ விற்கவோ தங்களுக்கு உரிமை வைத்திருந்தன.

இந்தியாவில் "எவ்வளவு ஓட்டுகிறாயோ அவ்வளவு கட்டு", "எப்படி ஓட்டுகிறாயோ அப்படிக் கட்டு" என்ற காப்பீட்டுத் திட்டங்களை ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. முதல் வகைக்கு கிலோமீட்டர் கணக்கு போதும். குறைவாக ஓட்டுகிறவருக்கு அது நல்லதே. இரண்டாவது வகையில் உங்கள் பிரேக்கும் வேகமும் போகும். சென்னை, மதுரைப் போக்குவரத்தில் குறுக்கே வரும் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் திடீர் பிரேக் போடாமல் ஓட்ட முடியாது. அதைக் கருவி உங்கள் குறையாகவே எழுதும். செயலியில் "டிரைவிங் ஸ்கோர்" என்று இருந்தால் அணைத்துவிடுவதே நம் ஆலோசனை.

2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தகவலை அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைப்பது பின்னால் உதவும்.

எதற்குப் பணம் கட்டலாம்

கணக்கு இப்படி. ஆண்டுச் சந்தா 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காரைப் பத்து ஆண்டு வைத்திருப்பீர்கள், முதல் மூன்று இலவசம். மீதி ஏழு ஆண்டுக்கு 21,000; 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்றால் 24,780 ரூபாய். விலை ஏறவே ஏறாது என்றால்தான் இந்தத் தொகை. இதைக் காரின் ஆன் ரோடு விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பிராண்டோடு ஒப்பிடுங்கள்.

எஸ்ஓஎஸ்ஸும் திருட்டுக் கண்காணிப்பும் பணத்துக்கு ஈடானவை. விபத்தில் ஏர்பேக் திறந்ததும் தானே அழைக்கும் வசதி, இரவில் தனியாக நெடுஞ்சாலையில் போகிறவருக்கு உயிர் காக்கும். வெயிலில் நிறுத்திய காரில் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏசி போடும் வசதியும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில், சித்திரை மாதத்தில், வீண் செலவில்லை. ஒரு எச்சரிக்கை: பெட்ரோல், டீசல் வண்டியாக இருந்து, மூடிய ஷெட்டில் நிறுத்தியிருந்தால் இந்த வசதியைத் தொடவே கூடாது. எஞ்சின் ஓடும், கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது.

காரின் சொந்த மேப், பாட்டு, வானிலை, கிரிக்கெட் ஸ்கோர் இவற்றுக்கு எதற்கும் கட்ட வேண்டாம். ஃபோன் அதைவிட நன்றாகவே செய்யும்.

ஒரே பெரிய பேக்கேஜாகத்தான் விற்பார்கள், பிரித்துக் கொடுக்க மாட்டார்கள் என்பது பெரும்பாலும் உண்மை. அப்படியானால் மூன்றாண்டுத் திட்டத்தை ஒரேயடியாக வாங்காமல் ஓராண்டு மட்டும் வாங்குங்கள். நெட்வொர்க் மாறினால் பெட்டியே செத்துவிடும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 2022-ல் 3ஜி நிறுத்தப்பட்டபோது, பழைய கார்கள் பலவற்றில் எஸ்ஓஎஸ் உட்பட எல்லா இணையச் சேவையும் நிரந்தரமாக நின்றது.

பணம் தானாகப் போவதை நிறுத்த

சந்தா கட்டும்போது யுபிஐ அல்லது கார்டில் ஆட்டோபே சேர்த்தே ஒப்புதல் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லி ஒரு தடவை மட்டும் கட்டும் வழியைத் தேடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டால், கார் செயலியில் ரத்து பொத்தானைத் தேடி அலையத் தேவையில்லை. யுபிஐ செயலியின் ஆட்டோபே அல்லது மேண்டேட் பகுதிக்குப் போய், அந்த நிறுவனத்தின் பெயரைத் தொட்டு ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் வங்கியின் இணையதளத்தில் தொடர் கட்டண ஒப்புதல்கள் பட்டியலில் இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த குறுஞ்செய்தியிலேயே நிறுத்தவும் வழி இருக்க வேண்டும்.

கேபிள்: கவனிக்காமல் விடும் சின்னப் பொருள்

ஃபோனைக் காரோடு நன்றாக இணைத்துவிட்டால் பாதிச் சந்தா தேவைப்படாது. ஆனால் "ஆண்ட்ராய்ட் ஆட்டோ அடிக்கடி அறுந்துபோகிறது" என்று வெறுத்து, காரின் மேப்புக்குப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. குற்றவாளி பெரும்பாலும் கேபிள். கடையில் கிடைக்கும் மலிவான கேபிள்கள் சில சார்ஜ் மட்டும் ஏற்றும், உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. டேட்டா கேபிள், ஒரு மீட்டருக்கு மிகாத நீளம், ஃபோனோடு வந்தது என்றால் மிகச் சிறப்பு. காரில் இரண்டு யுஎஸ்பி துளை இருந்தால் ஒன்று பெரும்பாலும் சார்ஜுக்கு மட்டும். ஃபோன் சின்னம் போட்ட துளையில் சொருகுங்கள். ஃபோனின் துளையில் பஞ்சு அடைத்திருக்கும், பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி வேண்டாம்.

ஃபியூஸைப் பிடுங்கலாமா?

டெலிமேட்டிக்ஸ் பெட்டியின் ஃபியூஸை எடுத்துவிட்டால் கார் ஊமையாகிவிடும் என்று வீடியோக்கள் சொல்கின்றன. செய்ய முடியும். ஆனால் எஸ்ஓஎஸ் போய்விடும், திரையில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சில கார்களில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ மைக்கும் ஒரு ஸ்பீக்கரும் அந்தப் பெட்டி வழியாகவே போவதால் அவையும் நின்றுவிடும். சில பெட்டிகளுக்குள் அவசரத்துக்கென்று தனி பேட்டரி இருப்பதால் ஃபியூஸ் எடுத்ததும் உடனே அணையாது. வாரண்டிக் காலத்தில் மின்கோளாறு வந்தால் பழி உங்கள் மேல் விழும். செட்டிங்ஸில் அணைப்பது, சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, சந்தாவைப் புதுப்பிக்காமல் விடுவது, இவை மூன்றும் முடிந்த பிறகும் பிரச்சினை தீராதவர் மட்டும் யோசிக்க வேண்டிய வழி இது. பூட்டிய வசதியைத் திறந்து தருவதாகச் சொல்லும் வெளி மெக்கானிக்கின் லேப்டாப்பை மட்டும் பக்கத்தில் விடவே வேண்டாம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பேசிக்கொள்ளும் அதே வயர்களில்தான் அவர் கை வைக்கிறார்.

ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும்

மென்பொருள் அப்டேட் பழுதைச் சரிசெய்யும். சில நேரம் சம்மதப் பக்கத்தையும் புதிதாகக் கொண்டுவரும். வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் எங்கும் போக வேண்டியதில்லை என்ற நேரத்தில் போடுங்கள். 12 வோல்ட் பேட்டரி பழையதாக இருந்தாலோ, வண்டி பத்து நாளாக ஓடாமல் நின்றிருந்தாலோ, முதலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். அப்டேட் பாதியில் நிற்பதற்கு மின்னழுத்தக் குறைவு முக்கியக் காரணம். முடிந்ததும் டெலிவரி நாளில் எடுத்த படங்களோடு செட்டிங்ஸை ஒப்பிடுங்கள். அணைத்து வைத்தது தானே எரிந்திருந்தால் அதையும் படம் எடுங்கள்; புகாருக்கு அதுதான் சாட்சி.

புகார் கொடுக்க

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், செயலிகளிலும் இணையதளங்களிலும் வரும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு (டார்க் பேட்டர்ன்) எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் 13 வகை இருக்கின்றன. திரும்பத் திரும்ப நச்சரிப்பது, விலக முடியாத சந்தாப் பொறி, விளம்பரத்தை வேறு செய்தி போல மறைத்துக் காட்டுவது மூன்றும் பட்டியலில் உண்டு. புகாரில் இந்தப் பெயர்களையே பயன்படுத்துங்கள். "தொல்லையாக இருக்கிறது" என்று எழுதினால் ஒரு மன்னிப்பு வரும். "2023 நெறிகளின்படி இது சந்தாப் பொறி" என்று எழுதினால் சட்டப் பிரிவுக்குப் போகும். முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல், வண்டி எண், தேதி, படங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஷோரூமில் எழுத்தில் வாங்கிய தாள் அங்கேதான் கைகொடுக்கும்.

வண்டி கைமாறும்போது

ஃபார்ம் 29, 30 கொடுத்து ஆர்சி பெயர் மாற்றினால் வண்டி கைமாறியது என்று நினைக்கிறோம். செயலிக் கணக்கு அப்படியே பழைய உரிமையாளரிடம் இருக்கும். புதியவர் எங்கே போகிறார் என்று அவர் பார்க்க முடியும், கதவையும் திறக்க முடியும். விற்கிறவர் செய்ய வேண்டியது: செயலியில் வண்டியை நீக்குவது, காரின் திரையில் ஃபேக்டரி ரீசெட், சேமித்த வீட்டு முகவரியும் ஃபோன் தொடர்புகளும் போய்விட்டனவா என்று பார்ப்பது, ஃபாஸ்டேக்கை மூடுவது.

வாங்குகிறவர் பணம் கொடுக்கும் முன், விற்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தன் எண்ணில் செயலியைப் பதிவு செய்ய வேண்டும். "இந்த வண்டி வேறு கணக்கில் உள்ளது" என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வசதி தொடரும் என்று விற்பவர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 2020-ல் ஒருவர் டீலரிடம் வாங்கிய பழைய டெஸ்லாவில் ஆட்டோபைலட் (ஓட்டுவதற்கு உதவும் மென்பொருள்) வசதிகளை, அவர் அதற்குப் பணம் கட்டவில்லை என்று சொல்லி நிறுவனம் தொலைவிலிருந்தே நீக்கியது. செய்தி வெளியான பிறகுதான் திரும்பக் கொடுத்தது. எந்தெந்த வசதிக்குச் சந்தா எந்தத் தேதி வரை என்பதைச் செயலியின் திரையில் காட்டச் சொல்லி, படம் எடுத்து, அதை விற்பனை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். பழையவர் தன் ஃபோனிலிருந்து ஒரு தடவை பூட்டிப் பார்க்கட்டும். பூட்டவில்லை என்றால் மட்டும் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.